போர்வையை விலக்கிப் பாருங்கள்: முதியோர் இல்லத்தில் கவனிப்பு இல்லையென்றால் குடும்பம் செய்ய வேண்டியவை

எங்கள் பெரியம்மாவை காட்பாடி பக்கம் ஒரு இல்லத்தில் சேர்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாதம் ஒரு ஞாயிறு போவோம். சுத்தமான நைட்டி, தலையில் எண்ணெய், நெற்றியில் விபூதி என்று உட்கார வைத்திருப்பார்கள், பார்த்துவிட்டுத் திருப்தியாகத் திரும்புவோம். ஒரு செவ்வாய்க்கிழமை வேறு வேலையாக அந்தப் பக்கம் போன நான் சொல்லாமல் உள்ளே நுழைந்தேன். பெரியம்மா மல்லாக்கப் படுத்திருந்தார். ஜன்னல் விளிம்பில் ஒரு எவர்சில்வர் டம்ளர், நிறையத் தண்ணீர், அதில் ஒரு எறும்பு செத்து மிதக்கிறது. கட்டிலிலிருந்து அந்த டம்ளருக்குக் கை எட்டாது. சித்திரை வெயில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உதடு வெடித்திருந்தது. "ஒன்னும் இல்லப்பா, நல்லா பாத்துக்கறாங்க" என்றுதான் சொன்னார். திருப்பிப் படுக்க வைக்கலாம் என்று தூக்கினபோதுதான் முதுகுக்குக் கீழே, இடுப்பெலும்பு முடியும் இடத்தில், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய புண்ணைப் பார்த்தேன்.

அடுத்த ஐந்து மாதம் என்ன செய்தோம், எங்கே தப்பு செய்தோம் என்பதிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வேலூர் மாவட்டத்தை மனதில் வைத்து எழுதுகிறேன், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்காரர்களுக்கும் சட்டம் இதேதான். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதால் ஆற்காட்டில் இருக்கிற இல்லத்துக்கு ராணிப்பேட்டை ஆட்சியர் அலுவலகம், ஆம்பூர் இல்லத்துக்குத் திருப்பத்தூர். பழைய ஞாபகத்தில் சத்துவாச்சாரியில் இருக்கிற வேலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவை எடுத்துக்கொண்டு வந்து அலையாதீர்கள்.

முதலில்: எப்போது போவது, எதைப் பார்ப்பது

ஞாயிறு பதினொரு மணிக்குப் போனால் இல்லம் காட்ட விரும்புவதைத்தான் பார்ப்பீர்கள். வார நாளில் போங்கள், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள், ஒருமுறை விடியற்காலையிலும் போங்கள். பார்வையாளர் நேரம் என்று தடுத்தால் வாசலில் சண்டை போட வேண்டாம், யார் தடுத்தது, எத்தனை மணிக்கு என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் தடுக்கிறார்கள் என்றால் அதுவே ஒரு அறிகுறிதான்.

உள்ளே போனதும் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். போர்வையை விலக்குங்கள். வெட்கமாக இருந்தால் வீட்டுப் பெண் ஒருவரை அழைத்துப் போய் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கைப் புண் வரும் இடங்கள் குறிப்பிட்டவை: இடுப்புக்குப் பின்னால் முதுகெலும்பு முடியும் இடம், குதிகால், இடுப்பின் இரு பக்க எலும்பு, தோள்பட்டை, பின்தலை. ஆரம்பத்தில் அது புண்ணாகவே இருக்காது, சிவந்த ஒரு தழும்பு மாதிரி இருக்கும், நம்மவர்கள் மாநிறத்துக்குக் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து மீண்டும் சிவந்தால் பெரிய பயமில்லை, வெளுக்கவே இல்லையென்றால் அதுதான் முதல் கட்டம். இரண்டாம் கட்டத்தில் மேல்தோல் உரியும், மூன்றாவதில் கொழுப்பு வரை குழியும், நான்காவதில் தசையும் எலும்பும் தெரியும். எழுந்து நடமாட முடியாதவரை சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது எந்தச் செவிலியருக்கும் தெரிந்த பாடம். ஆழமான புண் ஒன்றை இல்லத்தில் ஒருவருமே பார்க்கவில்லை என்றால் குளிப்பாட்டவில்லை, துணி மாற்றவில்லை, திருப்பவில்லை என்று மூன்றும் சேர்ந்து தெரிந்துவிடுகிறது.

தண்ணீர் அடுத்தது. முதியவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது, நாம்தான் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாக்கு காய்ந்து பிளவுபட்டிருக்கிறதா, சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போகிறதா, திடீரென்று ஆள் தெரியாமல் பேசுகிறாரா என்று பாருங்கள். கையில் தோலைக் கிள்ளிப் பார்ப்பது வயதானவர்களிடம் சரியாக வராது, வயதாலேயே தோல் தளர்ந்திருக்கும். வேலூர் வெயிலில் இதை நான் புண்ணைவிட அவசரமாக நினைக்கிறேன், ஏனென்றால் இதில் இரண்டே நாளில் ஆள் போய்விடலாம்.

எடை. சேர்க்கும்போது எடை பார்த்து எழுதி வையுங்கள், எந்த இல்லமாக இருந்தாலும். ஒரே மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் மருத்துவர்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 50 கிலோ ஆளுக்கு மாதத்தில் இரண்டரை கிலோ. வாழ்நாள் பூராவும் கேழ்வரகுக் களியும் கீரையும் சாப்பிட்ட மனுஷிக்கு மூன்று வேளையும் ரவை உப்புமா வைத்துவிட்டு "சாப்பிட மாட்டேங்கறாங்க" என்றால் எப்படி? பல் செட்டை யாராவது கழுவி மாட்டிவிடுகிறார்களா என்றும் பாருங்கள். எங்கள் பெரியம்மாவின் பல் செட் அலமாரியில் காய்ந்து கிடந்தது.

இன்னும் சில: மணிக்கட்டில், கணுக்காலில் கட்டின அடையாளம். எப்போது போனாலும் தூக்கம், எழுப்பினாலும் குழறல். மருந்து அட்டையில் மீதி மாத்திரைகள் கணக்குக்கு அதிகமாகவோ குறைவாகவோ இருப்பது. சிறுநீர்ப் பை நிரம்பி வழிவது. படுத்த வாக்கிலேயே கஞ்சி ஊட்டுவது, இது புரையேறி நுரையீரலில் இறங்கும். அப்புறம், ஒரு ஆயா உள்ளே வரும்போது உங்கள் அம்மா பேச்சை நிறுத்துகிறாரா என்பதைக் கவனியுங்கள். அதை எந்தப் பரிசோதனையும் காட்டாது.

எல்லாமே அலட்சியம் அல்ல

இதைச் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சும்மா கை பட்டாலே கன்றிப்போகும். மறதி நோய் முற்றினால் நல்ல கவனிப்பிலும் எடை இறங்கும். கடைசிக் கட்டத்தில் இருக்கிறவருக்கு எவ்வளவு திருப்பிப் போட்டாலும் புண் வரலாம். அதனால் ஒரு அறிகுறியை வைத்துக் கத்தாதீர்கள், அதற்கு அவர்கள் சொல்லும் விளக்கத்தைக் கேளுங்கள். விளக்கம் ஒவ்வொரு ஆளிடமும் மாறினால், எழுத்தில் எதுவுமே இல்லையென்றால், மருத்துவரைக் கூப்பிடவே இல்லையென்றால், அது அலட்சியம். இரவில் இருபது பேருக்கு ஒரே ஒரு ஆயா என்று தெரிந்தால் அந்த ஆயாவைத் திட்டி என்ன பயன்? அப்படி வைத்திருக்கிற நிர்வாகத்தின் மேல்தான் என் கோபம் முழுக்க.

ஒரு நோட்டு வாங்குங்கள்

சத்தியமாகச் சொல்கிறேன், வக்கீலைவிட முதலில் வேண்டியது இந்த நாற்பது பக்க நோட்டுதான். தேதி, நேரம், நான் பார்த்தது, யாரிடம் சொன்னேன், அவர் சொன்ன பதில். அன்றன்றைக்கே எழுதுங்கள். "ரொம்ப மோசமாக இருந்தது" என்று எழுதாதீர்கள், "காலை 10 மணிக்கு டம்ளர் நிறைய, மதியம் 1 மணிக்கும் அதே அளவு" என்று எழுதுங்கள்.

புண்ணைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ வையுங்கள், உடம்பின் மற்ற பகுதியை மூடுங்கள், அவருக்கு நினைவு இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். படம் எடுத்த போனை மாற்றாதீர்கள், அசல் கோப்பை அழிக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், அதற்கு அசல் கருவி கையில் இருப்பது நல்லது. அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில்கூடப் போட வேண்டாம். நாங்கள் போட்டோம், அது எங்கெங்கோ சுற்றி இல்லத்துக்காரர் கைக்கே போய், "அவதூறு வழக்குப் போடுவேன்" என்று அவர் எங்களை மிரட்டும்படி ஆனது.

பணம் கட்டின ரசீது, சேர்க்கும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். ரசீது தராத இல்லத்துக்கு இனிமேல் கையில் பணம் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள்.

ஆளைக் காப்பாற்றுவது முதல் வேலை

ஆழமான புண், காய்ச்சல், நினைவு தப்புவது, தண்ணீர் வற்றிப்போன நிலை, இதில் எது இருந்தாலும் புகார் மனு எழுத உட்காராதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். "நாளைக்கு எங்க டாக்டர் வருவார்" என்பதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பாக்கியைக் கட்டினால்தான் அனுப்புவோம் என்று தடுத்தால் 112க்கு அடியுங்கள், ஒரு மனுஷியைப் பாக்கிக்குப் பிணையாக வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை கிடையாது, அது சட்டவிரோதக் காவல், பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 127ஆம் பிரிவு.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு பெரிய மருத்துவமனைக்கோ போனதும் பணியில் இருக்கும் மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: "இல்லத்தில் கவனிக்காமல் விட்டதால் வந்தது, எம்.எல்.சி. போடுங்கள்", அதாவது சட்ட நடவடிக்கைக்குரிய மருத்துவ வழக்காகப் பதியுங்கள். விபத்துப் பதிவேட்டில், நம்ம ஊர்ப் பேச்சில் ஏ.ஆர். காப்பி, புண்ணின் இடம், நீளம், ஆழம், எத்தனை நாள் பழையது போலிருக்கிறது என்பது பதிவாக வேண்டும். நாங்கள் இதைக் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் "படுக்கைப் புண்" என்று ஒரு வரி மட்டும் இருந்தது, பிறகு இல்லத்துக்காரர் "ஆஸ்பத்திரியில் வந்த புண்" என்று சாதித்தார். மருத்துவமனையில் சேர்த்த முதல் மணி நேரத்தில் எழுதப்படும் தாளுக்கு அவ்வளவு பலம்.

மருத்துவப் பதிவேடுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. இல்லத்துக்கு வந்துபோகும் மருத்துவரிடமும் இதைக் கேட்கலாம்.

நிர்வாகத்துக்கு எழுத்தில் ஒரு கடிதம்

வாயால் சொன்னது எதுவும் நிற்காது. ஒரு பக்கக் கடிதம், பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு. என்ன பார்த்தேன், எந்தத் தேதி, என்ன வேண்டும், பதிவேடுகளின் நகல் தாருங்கள், ஏழு நாளில் பதில் வேண்டும். கோபத்தைக் கடிதத்தில் காட்டாதீர்கள். இந்தக் கடிதத்தைப் பின்னால் ஒரு அதிகாரியோ ஆணையமோ படிக்கப்போகிறது.

எந்தக் கதவைத் தட்டுவது

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள், நாங்களும்தான். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நேராக ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் இருக்கிற தீர்ப்பாயத்துக்குப் போனோம். அந்தத் தீர்ப்பாயம் பிள்ளைகளும் உறவினரும் ஜீவனாம்சம் தர உத்தரவிடுவதற்கானது, உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். இல்லத்திடம் நஷ்டஈடு வாங்கித் தர அதற்கு வழியில்லை. இல்லத்துக் கட்டணத்தை ஒரு தம்பி மட்டும் கட்டிக்கொண்டிருக்க மற்றவர்கள் கைவிரிக்கிறார்கள் என்றால் அப்போது வேலூர் அல்லது குடியாத்தம் கோட்டாட்சியரிடம் போகலாம். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, பொறுப்பில் இருப்பவர் முதியவரை அடியோடு கைவிடும் நோக்கத்தில் எங்காவது விட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. பெற்ற பிள்ளைக்கும் இது பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

இல்லத்தின் மேல் புகார் என்றால் மாவட்ட சமூக நல அலுவலர்தான் முதல் இடம். மனுவின் நகலை ஆட்சியருக்கும் கொடுங்கள், திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கையில் கொடுத்து மனு எண் வாங்குவது நல்லது. இல்லத்தின் பதிவு உயிரோடு இருக்கிறதா, கடைசியாக எப்போது ஆய்வு செய்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். உயிருக்கு ஆபத்து சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம்.

இல்லம் என்று பெயர்ப்பலகை வைத்துவிட்டு டிரிப்ஸ் ஏற்றுவது, மூக்கில் குழாய் போடுவது என்று மருத்துவமனை வேலை பார்த்தால் அது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழும் வருகிறதா என்று மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் மனு கொடுத்துக் கேளுங்கள். மறதி நோயாளிகளை வைத்துப் பார்க்கும் இடமானால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது, நினைவையும் திசையறிவையும் கடுமையாகப் பாதிக்கும் கோளாறு அதன் வரையறையில் வருகிறது. அதன் 97ஆம் பிரிவு எனக்கு ரொம்பப் பிடித்த பிரிவு. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டும்தான் ஒருவரைக் கட்டிவைக்கலாம், ஆள் பற்றாக்குறை என்பதைக் காரணமாகச் சொல்லக் கூடாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. சங்கிலி போடுவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

யாரிடம் பேசுவது என்றே தெரியவில்லையென்றால் முதியோர் உதவி எண் 14567, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை.

காவல் நிலையம்

புகாரைக் கொடுத்ததும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். கவனக்குறைவால் கொடுங்காயம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 125ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை. மரணம் என்றால் 106, பொதுவாக ஐந்து ஆண்டு வரை. அடித்திருந்தால் 115. நகை, ஓய்வூதியப் பணம் காணோம் என்றால் நம்பிக்கை மோசடி, 316. பலருக்குத் தெரியாத ஒன்று 357ஆம் பிரிவு: தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத ஒருவரைக் கவனிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டு வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை சின்னதுதான், ஆனால் நம் விஷயத்துக்கென்றே எழுதினது போல இருக்கிறது. இது போலீஸ் தானாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் அல்ல, குற்றவியல் நடுவர் வழியாகத்தான் போக வேண்டும்.

வழக்குப் பதிய மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)இன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசைவு இல்லையென்றால் நீதித்துறை நடுவர் மன்றம்.

நஷ்டஈடு

பணம் கட்டிச் சேர்த்திருந்தால் அது சேவை, அதில் குறை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், மகள் ஓசூரில் இருந்து அம்மா வேலூர் இல்லத்தில் இருந்தாலும் வசதியான இடத்தில் போடலாம். கட்டின பணம் 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதியவர் இறந்துவிட்டால் வாரிசு தொடரலாம். முழுக்க இலவசமாக நடத்தும் இல்லம் என்றால் இந்த வழி மூடியிருக்கிறது, உரிமையியல் நீதிமன்றமும் மேலே சொன்ன குற்றவியல் வழிகளும்தான்.

"எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல, நீதிமன்றம் போக மாட்டேன்" என்று எழுதி வாங்கியிருக்கிறார்களே என்று பயப்படாதீர்கள். சட்டப்படி உரிமை கேட்பதையே தடுக்கும் ஷரத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 28ஆம் பிரிவின்படி செல்லாது.

வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமானம் பார்க்காமலேயே இலவச உதவி கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் உங்கள் அம்மா என்றால் அவர் பெயரிலேயே கேளுங்கள்.

இல்லத்துக்கு வீட்டையோ நிலத்தையோ எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தான செட்டில்மென்ட் பத்திரத்தைத் தேடி எடுங்கள். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்து, கவனிக்கவில்லையென்றால், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். இதற்கு மட்டும் ஆர்.டி.ஓ. தீர்ப்பாயம் சரியான இடம்.

இறந்துவிட்டால்

எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். இல்லத்திலிருந்து போன் வரும், "தூக்கத்திலேயே போயிட்டாங்க, சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். சொந்தக்காரர்களும் அவசரப்படுத்துவார்கள். சந்தேகம் இருந்தால் உடலை எடுக்கும் முன்பே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், பி.என்.எஸ்.எஸ். 194இன்படி சந்தேக மரணமாக விசாரித்துப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாலாற்றங்கரையில் எரித்த பிறகு எந்த மருத்துவரும் எதையும் சொல்ல முடியாது.

அவரிடம் கேட்டீர்களா

வழக்கு போடலாம் என்று நாங்கள் எல்லாம் முடிவு செய்த பிறகுதான் பெரியம்மாவிடம் கேட்டோம். அவருக்குப் போலீஸ் வேண்டாம். "அந்தப் பொண்ணு வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க, அது ஒண்டியா என்னா பண்ணும்" என்று ராத்திரி ஆயாவுக்காகப் பேசினார். நிர்வாகத்தின் மேல் சமூக நல அலுவலகத்தில் புகாரும், கட்டின முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு நோட்டீசும் போதும் என்றார், அப்படியே செய்தோம், பணம் வந்தது. அவருக்குத் தெளிவு இருக்கும்வரை முடிவு அவருடையது. பயத்தில் வேண்டாம் என்கிறாரா, யோசித்து வேண்டாம் என்கிறாரா என்பதை மட்டும் இல்லத்துக்கு வெளியே, வேறு யாரும் இல்லாதபோது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புண் ஆற நாலு மாதம் ஆனது. அடுத்த இல்லம் தேடும்போது கட்டிடத்தையோ தோட்டத்தையோ பார்க்கவில்லை. இரவில் எத்தனை பேர் பணியில், திருப்பிப் படுக்க வைப்பதை எந்தப் பதிவேட்டில் எழுதுகிறீர்கள், அதைக் காட்டுங்கள் என்று கேட்டோம். மூன்று இடத்தில் காட்டவில்லை. நாலாவது இடத்துக்கு இரவு பதினொரு மணிக்கு மேல் போன் அடித்துப் பார்த்தேன், மூன்றாவது மணியில் ஒரு சிஸ்டர் எடுத்தார்.